வடக்குக் கோல் ஈரம்

ஆல்டர்ஹோம் டவுன் கால்பந்துக் கழகத்துக்கு எழுபத்தைந்து வயதானபோது அதன் வரலாற்றை நாற்பத்தெட்டுப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. சனிக்கிழமைதோறும் ஆட்டக்காரர் பெயர்ப் பட்டியலை அச்சடித்து விற்பதும், கமிட்டியின் பழைய குறிப்பேடுகளைக் கட்டிக் காப்பதும் நானாக இழுத்துப் போட்டுக்கொண்டவை. 1961 பிப்ரவரியில் தர்ல்ஸி யுனைடெட்டோடு நடக்கவிருந்த கோப்பைக் காலிறுதி பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். மைதானம் ஈரமாக இருந்ததால் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பொய் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் பத்து நாள் இந்த ஊர் ஆடிய ஆட்டத்தைப் புத்தகத்தில் போட்டால் தலைவர் அச்சுக்கே விட்டிருக்க மாட்டார்.

எங்கள் கழகம் பிறந்ததே சந்தேகத்தில். தேவாலயத்து இளம் பாதிரியார் தன் பாட்டுக் குழுப் பையன்களையே அணியில் சேர்க்கிறார் என்று சந்தேகப்பட்டு, எதிர்த் தெருச் சபைக்காரர்கள் அந்த அணியை விட்டு வெளியேறி ஆரம்பித்தது அது. 1908இல் எங்கள் கோல்காப்பாளர் தர்ல்ஸியிடம் ஏழு கோல் விட்டார். மறுநாள் அவர் வீட்டு உத்தரத்தில் ஒரு முழுப் பன்றித் தொடை தொங்கியதாம். மாமியார் கொடுத்தது என்று அந்த மனிதர் சாகும்வரை சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. அவர் பேரனுக்கு இன்றைக்கும் ‘தொடைக்கறி’ என்றுதான் பெயர். மழை பெய்தால்கூட யார் பெய்ய வைத்தது என்று கேட்கிற ஊர் இது.

இப்படிப்பட்ட ஊரில் இருபத்தொரு வருடம் மைதானக்காரராக இருந்தவர் சிரில் டெப். பகலில் வாய்க்கால் வாரியத்தில் சேறு அள்ளுவார், மிச்ச நேரமெல்லாம் எங்கள் மைதானம். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வடக்குக் கோலுக்குப் பின்னால் இருக்கிற கழகத்தின் செங்கல் வீடுதான் சம்பளம். மைதானம் இருக்கிறவரை வீடு, மைதானம் போனால் வீடும் போச்சு. மனைவி மேவிஸ் அணியின் பதினோரு சட்டைகளையும் துவைப்பாள், இடைவேளை டீ போடுவாள், சூடான மாட்டிறைச்சிச் சாறு ஊற்றிக் கொடுப்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மேவிஸின் செத்துப்போன தங்கையின் மகன் டெரெக்கை ஆறு வயதிலிருந்து வளர்த்தார்கள். அவனுக்கு இப்போது இருபத்திரண்டு. கேரட்டும் பட்டாணியும் டப்பாவில் அடைக்கிற ஆலையில் வேலை, சனிக்கிழமை எங்கள் நடு முன்னணி ஆட்டக்காரன். அந்த வருடம் பத்தொன்பது கோல் போட்டிருந்தான். பெரிய கழகம் ஒன்றிலிருந்து ஓர் ஆள் காலிறுதிக்கு அவனைப் பார்க்க வருகிறான் என்று பேச்சு.

எங்கள் பக்கத்து நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தோண்டினால் கறுப்பு மண், அதற்குக் கீழே பசைக் களிமண், அதற்குக் கீழே தண்ணீர். சுற்றி முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, நேர்கோடாக வெட்டிய வாய்க்கால்கள். குளிர்காலத்தில் கடலிலிருந்து வருகிற காற்றை மறிக்க ஒரு மேடுகூடக் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் பிப்ரவரியில் ஒரு மைதானத்தைக் காய வைப்பது சாதாரணக் காரியமில்லை. சிரில் அந்தப் புல்லில் ஒவ்வோர் அடியையும் இரும்புப் பல் வைத்த கவைக்கோலால் குத்திக் குத்தித் துளை போடுவார், மணல் தூவுவார், மறுபடி குத்துவார். பேசமாட்டார். வாய் திறந்தால் உள்ளே ஈரம் போய்விடும் என்று பயப்படுகிறாரோ என்று டீ அறையில் கேலி செய்வோம்.

காலிறுதிக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை பெயர்ப் பட்டியல் வாங்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். டெரெக் அடுப்படியில் உட்கார்ந்து உப்புப் போட்ட வெந்நீர் வாளியில் காலை விட்டிருந்தான். கணுக்கால் ஒரு டர்னிப் கிழங்கு அளவுக்கு வீங்கியிருந்தது. கழகத் தலைவர் ஸ்பெண்ட்லோ, உருளைக்கிழங்கு மொத்த வியாபாரி, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“டாக்டர் ஒரு ஊசி போட்டா வலியே தெரியாது மேவிஸ். ஒன்றரை மணி நேரந்தான. பெரிய எடத்துலேர்ந்து ஆள் வராரு, இவன் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?”

“வலிதான தெரியாது? கால் போறது தெரியுமா தெரியாதா?” என்றாள் மேவிஸ். அவள் கொதிக்கிற பானையில் மாவு உருண்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் ஸ்பெண்ட்லோவின் தலையில் விழுகிற மாதிரி விழுந்தது. “இன்னும் ஒரு வாரம் விட்டா சரியாயிரும். நாளன்னைக்கு ஓட விட்டீங்க, ஆயுசுக்கும் நொண்டுவான்.”

“கழகம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அந்தக் கழகத்தோட சட்டைய நான்தான் தொவைக்கிறேன். எனக்குத் தெரியும் அது எவ்வளவு அழுக்குன்னு.”

ஸ்பெண்ட்லோ சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, டவுன் மேயர் வருகிறார், டீ அறை மேசைவிரிப்பும் ஆட்டக்காரர் துண்டுகளும் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்திய பிறகு மேவிஸ் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“சனிக்கிழம இவன் ஆட மாட்டான். அதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன். பாத்துக்கறேன்.”

சிரில் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை நல்ல காற்று. நாலு நாளாக மழை இல்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரெஃப்ரி மைதானம் பார்க்க வந்தார். நடு வட்டத்தில் பந்தைக் கீழே போட்டார், குதித்தது. தெற்குக் கோலில் போட்டார், குதித்தது. வடக்குக் கோலுக்கு முன்னால் போட்டார். பந்து சப்பென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கோல் வாய் முழுக்கக் களிமண் குழம்பு. காலை ஊன்றினால் கணுக்கால்வரை போகிறது. சிரில் கவைக்கோலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். முழங்கால்வரை நனைந்திருந்தது, முகம் வெளிறியிருந்தது. ரெஃப்ரி ஆட்டம் இல்லையென்று கையை ஆட்டினார்.

பத்தரைக்குத் தர்ல்ஸிக்காரர்களின் பேருந்து வந்து நின்றது. அவர்கள் செயலாளர் ஹார்கேட் இறங்கி வந்து மைதானம் முழுக்க நடந்தார். வறண்ட இடத்தில் குனிந்து புல்லைப் பிடுங்கி விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு வடக்குக் கோலில் நின்று எங்கள் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்.

“நாலு நாளா வானம் காஞ்சு கெடக்கு. மைதானம் பூரா காஞ்சு கெடக்கு. இங்க மட்டும் எந்தச் சாமி வந்து ஒண்ணுக்குப் போச்சு? உங்க முன்னணிக்காரன் கால்ல கட்டோட நிக்கிறானே, அதப் பாத்து இரக்கப்பட்ட சாமியா?”

லீக்குக்குப் புகார் போனது. வேண்டுமென்றே தண்ணீர் விட்டது என்று நிரூபணமானால் எங்களைக் கோப்பையிலிருந்து தள்ளிவிடுவார்கள், அடுத்த வருடம் லீக்கிலேயே இடம் இருக்குமா என்பது சந்தேகம். இது போதாதா எங்கள் ஊருக்கு? ஞாயிறு மதியத்துக்குள் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ரொட்டிக் கடையில் சிரில்தான் என்றார்கள். சலூனில் டெரெக்கே வாளி வாளியாக ஊற்றினான் என்றார்கள், வீங்கிய காலோடு! என் மனைவி என்னையே ஒரு மாதிரிப் பார்த்து, “நீ வியாழக்கிழம அந்த வீட்டுக்கு எதுக்குப் போன?” என்று கேட்டாள்.

ஞாயிறு பிற்பகல் ஸ்பெண்ட்லோ அந்த வீட்டுக்குப் போனபோது துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சாட்சி வேண்டுமாம். சிரில் வீட்டில் இல்லை. மேவிஸ் கதவை முழுக்கத் திறக்கவில்லை.

“நேத்து காலைல சிரில் எத்தன மணிக்கு எந்திரிச்சான்?”

“எட்டு மணிக்கு. நான்தான் எழுப்புனேன்.”

“நிச்சயமா?”

“ஒரே கட்டில்ல படுக்கிறவ நான். நீங்களா?”

பேச்சு என்னவோ சூடாகத்தான் இருந்தது. ஆனால் கதவைப் பிடித்திருந்த அவள் கைவிரல்கள் வெளுத்துப்போயிருந்ததை நான் பார்த்தேன். ஸ்பெண்ட்லோவும் பார்த்தார். தெருமுனை திரும்பியதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “பால்காரன் அஞ்சரை மணிக்கே சிரில மைதானத்துல பாத்திருக்கான் லெஸ். கைல லாந்தர். வடக்குக் கோல்ல நின்னு என்னமோ தள்ளிக்கிட்டு இருந்தானாம். இவ எட்டு மணிங்கறா. பொண்டாட்டி பொய் சொல்றான்னா என்ன அர்த்தம்?”

எனக்கும் அதே அர்த்தம்தான் தோன்றியது. மறைப்பானேன்? சிரில் என் நண்பர், ஆனாலும் நான் இந்த ஊர்க்காரன்.

செவ்வாய் மாலை ஏழு மணிக்கு டீ அறையில் கமிட்டி கூடியது. அடுப்பில் போட்ட கரி ஈரம், புகைதான் வந்தது. ஒன்பது பேர் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தோம். சிரில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னதற்கு, சேறாகிவிடும் என்றார். ஸ்பெண்ட்லோ பால்காரன் சொன்னதைச் சொன்னார், மேவிஸ் சொன்னதையும் சொன்னார்.

“ரெண்டுல எது நெஜம்?”

மேவிஸ் பெயரைக் கேட்டதும் சிரில் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“பால்காரன் சொன்னது.”

“அப்ப உன் பொண்டாட்டி?”

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவள இதுல இழுக்காதீங்க மிஸ்டர் ஸ்பெண்ட்லோ. நான்தான் தண்ணி விட்டேன். மைதானத்துக் கொழாய்ல ரப்பர் ட்யூபு மாட்டி விட்டேன். பையன் காலுக்காக.”

இருபத்தொரு வருடத்தில் அவர் கமிட்டி முன்னால் பேசிய நீளமான பேச்சு அதுதான். பிறகு தொடைக்கறிப் பேரன், அவனும் கமிட்டியில் இருந்தான், “நான் அப்பவே சொன்னேன்ல!” என்றான். எப்போது சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அந்த ஆளுக்குத் தாத்தாவின் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேறொருவன் பெயர் கெட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சிரிலை நீக்கினார்கள். புதன்கிழமைக் காலை வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் போயிற்று, பதினான்கு நாள் அவகாசம். கழகத்தைக் காப்பாற்ற ஒரே வழி குற்றவாளியை நாமே பிடித்துக் கொடுப்பதுதான் என்று ஸ்பெண்ட்லோ விளக்கினார். நானும் கை தூக்கினேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சத்துக்கு நடுவே ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. புதன் காலை ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அது என்னவென்று பிடிபட்டது. மைதானத்துக் குழாய் ஜனவரிப் பனியில் வெடித்துவிட்டது. அதைச் சாக்குத் துணியால் சுற்றி, வால்வை இறுக்கி மூடியவரே சிரில்தான். அதற்கப்புறம் ஒரு சொட்டு வந்ததில்லை. அந்த மனிதர் பொய் சொல்லியிருக்கிறார். செய்யாதவன் செய்தேன் என்று ஏன் சொல்வான்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். மேவிஸ் பெட்டியில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் வெளிறிக் கிடந்தன. எனக்கு டீ தரவில்லை. அந்த வீட்டில் எனக்கு டீ தராமல் இருந்தது அன்று ஒரு நாள்தான்.

“என்ன, பெட்டி தூக்கக் கமிட்டி ஆள் அனுப்பிச்சிருக்கா?”

“மேவிஸ், கொழாய் வெடிச்சுக் கெடக்கு. சிரில் சொன்னது பொய்.”

அவள் கையிலிருந்த சாஸரைக் கீழே வைத்தாள்.

“இல்ல லெஸ். அவன்தான். அன்னைக்கு விடியறதுக்கு முன்னால பாக்கறேன், கட்டில்ல ஆள் இல்ல. ஏழு மணிக்கு வந்தான். முழங்கால்வரைக்கும் சொட்டச் சொட்ட. எங்க போனேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னான். ஒண்ணுமில்லாததுக்கு ஒரு மனுசன் அப்படி நனைவானா? எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. டெரெக்குக்காகப் பண்ணிட்டான், பாவம்னு நெனச்சேன். அதான் எட்டு மணின்னு சொன்னேன். சொல்லி அவன மாட்டிவிட்டுட்டேன்.”

“தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? கொழாய் இல்ல. வாய்க்கால்லேர்ந்து வாளில தூக்கினா நூறு நட நடக்கணும். பால்காரன் பாத்தது தண்ணிய வெளிய தள்றத, உள்ள விடறத இல்ல.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ புரண்டது. குறிப்பேடுகள். வேறு எதற்கும் உதவாத என் குறிப்பேடுகள். 1911இல் ஆட்டக்காரர்கள் பதினோரு பேரும் ஒன்றாக இறங்குகிற பெரிய குளியல் தொட்டி கட்டினார்கள். அதன் கழிவுநீரை வாய்க்காலுக்குச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு கட்சி, குறுக்கே போகட்டும் என்று ஒரு கட்சி. குழாய்க்காரனுக்கும் செயலாளருக்கும் உள்ளுக்குள் ஏதோ ஏற்பாடு என்று சந்தேகம் வந்து மூன்று கூட்டம் சண்டை போட்டு, கடைசியில் குறுக்கு வழியே ஜெயித்தது. சுட்ட மண் குழாய்.

“குறுக்கன்னா எங்க?” என்றாள் மேவிஸ்.

“வடக்குக் கோலுக்கு அடியில.”

அவள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

“லெஸ். எங்க வீட்டுல துணி வேக வைக்கிற செப்புக் கொப்பரை கீறல் விட்டுப்போச்சு. வெள்ளிக்கிழம மேசைவிரிப்பும் துண்டும் எல்லாத்தையும் நான் அந்தத் தொட்டிலதான் போட்டு அலசுனேன். குளியலறை பாய்லர்லேர்ந்து கொதிக்கிற தண்ணி ரொப்பி, சோப்புப் போட்டு, கடைசியா நீலம் போட்டு. நாலு மணிக்குத் தக்கையப் புடுங்கி விட்டேன்.”

அப்போது கொல்லைக் கதவு திறந்து சிரில் வந்தார். வாரியத்து வேலையிலிருந்து சாப்பாட்டுக்கு. எங்களைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

“நீ அவகிட்ட எதுவும் கேக்காத லெஸ். முடிஞ்சுபோச்சு,” என்றார்.

“உனக்குத் தெரியுமா, தொட்டித் தண்ணின்னு?” என்று கேட்டாள் மேவிஸ்.

“நொரை மெதந்துச்சு. நீலம் தெரிஞ்சுது. லாந்தர் வெளிச்சத்துல பாத்தாலே தெரிஞ்சுது. அத யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் விளக்குமாத்த வச்சுத் தள்ளினேன்.” குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கொழா மூட்டெல்லாம் விட்டுப்போய் இருவது வருசமாச்சு. அதனாலதான் ஞாயித்துக்கிழமைக்கு முன்னால தக்கையத் தொடக் கூடாதும்பேன். ஒனக்கு நூறு தடவ சொல்லியிருக்கேன்.”

“எப்ப சொன்ன?”

அவர் வாயைத் திறந்தார். யோசித்தார்.

“ஆட்டக்காரங்ககிட்ட சொல்வேன்,” என்றார் கடைசியில்.

“நான் என்ன ஆட்டக்காரியா? அந்தத் தொட்டிப் பக்கம் என் ஆயுசுல அன்னைக்குத்தான் போனேன்! நீ எங்கிட்ட அடுப்புக்குக் கரி போடுன்னு சொல்றதே வாரத்துக்கு ரெண்டு தரம். பின்ன எப்படி எனக்குத் தெரியும்?”

சிரில், மேவிஸ் வேண்டுமென்றே செய்தாள் என்று நினைத்திருக்கிறார். மேவிஸ் அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நினைத்திருக்கிறாள். ஒரே கட்டில், ஒரே மேசை, நாலு நாள். ஒருவரையொருவர் காப்பாற்றுகிறேன் என்று வீட்டைத் தோண்டி வெளியே எறிந்திருக்கிறார்கள்.

ஸ்பெண்ட்லோவைக் கிழங்குக் கிடங்கில் பிடித்தோம். மேவிஸ்தான் முன்னால் நடந்தாள். மூட்டைகளுக்கு நடுவே நின்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“கத நல்லாத்தான் இருக்கு. நேத்து புருசன் ஒத்துக்கறான், இன்னைக்குப் பொண்டாட்டி ஒத்துக்கறா. நாளைக்கு யாரு, டெரெக்கா?”

“நம்ப வேணாம். தொட்டிய ரொப்புங்க, தக்கையப் புடுங்குங்க. தண்ணி எங்க வருதுன்னு உங்க கண்ணாலயே பாருங்க.”

ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்தார்கள். லீக் ஆள் ஒருவர் வந்தார், வட்டத் தொப்பியும் குடையும். தர்ல்ஸிச் செயலாளர் ஹார்கேட் இரண்டு பேரோடு வந்தார். எங்கள் டீயைக் குடிக்க மறுத்துத் தன் குடுவையிலிருந்து ஊற்றிக்கொண்டார். எங்கள் நீலத்திலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. தர்ல்ஸிக் கடையிலிருந்தே ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தார். தொட்டியில் தன் கையாலேயே கொட்டிக் கலக்கினார். கை முழங்கைவரை நீலமானது. ஒரு ஆளைத் தொட்டிக்குக் காவல் வைத்தார், ஒரு ஆளை வாய்க்கால் வாயில் நிறுத்தினார். எங்கள் கமிட்டி சும்மா இருக்குமா? அந்த இரண்டு ஆளுக்கும் ஆளுக்கொரு காவல் போட்டது.

தக்கையைப் பிடுங்கியாகிவிட்டது என்று அங்கிருந்து கை காட்டினார்கள். நாங்கள் பதினாலு பேர் வடக்குக் கோலைச் சுற்றி நின்று புல்லைப் பார்த்தோம். காற்று கோட்டைப் பிய்த்தது. எட்டு நாளில் அந்த இடம் ஓரளவு காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வாய்க்கால் வாயிலிருந்து, “இங்க கொஞ்சம் வருது!” என்று கத்தினான் அங்கே நின்றவன். ஹார்கேட் சிரித்தார்.

“ஆக, கொழாய் ஒழுங்காத்தான் போகுது.”

மேவிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது வலித்தது. சிரில் பத்தடி தள்ளி, தன்னுடையதல்லாத மைதானத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னும் பத்து நாளில் அந்த வீடும் அவருடையதில்லை. டெரெக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான், உள்ளே வர யாரும் சொல்லவில்லை. பதினைந்து நிமிடம். லீக் ஆள் கடிகாரத்தை மூடிப் பையில் போட்டார்.

இருபத்திரண்டாவது நிமிடம் ஸ்பெண்ட்லோவின் கால் மாட்டிக்கொண்டது. அவர்தான் கோலுக்கு நேர் நடுவே நின்றிருந்தார். நகரப் பார்த்தார், பூட்ஸ் வரவில்லை. கீழே குனிந்து பார்த்தோம். குதிங்காலைச் சுற்றி மண் கசிந்தது. முதலில் கறுப்பாக, பிறகு நுரையோடு, பிறகு நல்ல நீலமாக. புல் நுனிகளுக்கு நடுவே அது பரவி ஹார்கேட்டின் பூட்ஸ் வரைக்கும் போயிற்று. அவர் ஒரு காலை எடுத்தார், மறு காலையும் எடுத்தார், வைக்க இடமில்லாமல் நின்றார்.

“உங்க ஊர் நீலந்தான மிஸ்டர் ஹார்கேட்?” என்றேன். எனக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

லீக் ஆள் குடை நுனியால் அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். விபத்து என்று எழுதிக்கொள்வதாகச் சொன்னார். ஆட்டத்தை அடுத்த சனிக்கிழமை வைக்கலாம், அதற்குள் குழாயைத் தோண்டி மாற்ற வேண்டும். ஹார்கேட் நீலக் கையைப் பையில் விட்டுக்கொண்டார். தொடைக்கறிப் பேரன், “நான் அப்பவே சொன்னேன்ல, சிரில் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு,” என்றான். ஸ்பெண்ட்லோ ஒற்றைக்காலில் நின்று பூட்ஸை இழுத்துக்கொண்டே கடிதம் ரத்து என்றார். சிரிலிடம் கை நீட்டினார். சிரில் அந்தக் கையைப் பார்த்தார், தொப்பியைத் தலையில் வைத்தார், பிறகுதான் கை கொடுத்தார். எல்லாரும் டீ அறைக்குப் போனார்கள். வெற்றி பெற்ற அணி மாதிரி முதுகில் தட்டிக்கொண்டு போனார்கள், வெட்கமில்லாதவர்கள்.

நான் தக்கை வாங்கி வைக்கக் குளியலறைப் பக்கம் போகிறவன்போல் கொஞ்சம் பின்தங்கினேன். அவர்கள் இருவரும் நீலத் தண்ணீரின் இரண்டு கரையில் நின்றார்கள்.

“இருவத்தொம்பது வருசம்,” என்றாள் மேவிஸ். “நீதான் செஞ்சியான்னு ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல? செய்யாததச் செஞ்சேன்னு ஊருக்கு முன்னால சொல்லத் தெரிஞ்சுது, இது தெரியலியா?”

“கேக்கணும்னுதான் இருந்தேன். நாலு நாளா.”

“பின்ன?”

“நீ ஆமான்னு சொல்லிட்டா? நான் பாத்துப் பாத்துக் குத்துன மண்ணு அது. தெரிஞ்சே அதுல தண்ணிய விட்டவளோட நான் எப்படி ஒக்காந்து சாப்புடுவேன்? தெரியாத வரைக்கும் சாப்புட்டுறலாம்ல.”

மேவிஸும் அவரைக் கேட்கவில்லையே. அவள் கண் நிறைந்துவிட்டதைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“சரி. இப்பக் கேளு. நெஞ்சுல இருக்கறத எல்லாம் கேளு,” என்றாள்.

சிரில் கேட்டார். “வியாழக்கிழம, ஒரு வழி வச்சிருக்கேன்னியே. அது என்ன வழி?”

“அவன் பூட்ஸத் தூக்கிக் கரி அறையில ஒளிச்சேன். இன்னமும் அங்கதான் கெடக்கு.”

சிரிலின் வாயோரம் அசைந்தது. ஆனால் அவரும் இந்த ஊர்தானே. இன்னொன்றும் கேட்டார்.

“தக்கையப் புடுங்கறப்ப மனசுல ஒண்ணுமே இல்லியா? சத்தியமா?”

மேவிஸ் தண்ணீரைப் பார்த்தாள். அவள் பொய் சொல்லியிருக்கலாம். எல்லாம் தீர்ந்துபோன நேரம், இல்லை என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது.

“வேண்டிக்கிட்டேதான் புடுங்குனேன் சிரில். கடவுளே, எங்கேர்ந்தாவது தண்ணி வந்து இந்த மைதானம் நாசமாப் போகட்டும்னு. வானத்தப் பாத்து வேண்டிக்கிட்டே கீழ தக்கையப் புடுங்குனேன்.”

காற்றில் கோல் வலை படபடத்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டிருந்தா இதத்தான் சொல்லியிருப்பியா?”

“இதத்தான் சொல்லியிருப்பேன்.”

“அப்ப நான் கேக்காம இருந்ததே நல்லதாப் போச்சு. இதக் கேட்டுட்டு, நீ தெரியாமதான் செஞ்சேன்னு நானே நம்பியிருக்க மாட்டேன்.”

“இப்ப நம்புறியா?”

சிரில் குனிந்து புல்லில் கிடந்த கவைக்கோலை எடுத்தார். நீலத் தண்ணீருக்குள் இறங்கி அவள் பக்கத்துக் கரைக்கு நடந்து போனார். பாதிப் பேருக்கு மேல் டீ அறை ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவருக்கு அது தெரியும். அவள் கையில் கவைக்கோலைக் கொடுத்தார். எங்கே குத்த வேண்டும், எவ்வளவு ஆழம், எப்படிச் சாய்த்து எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக, உரக்க, அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.